வல்பராயிசோவில் நான் இறங்கின படிகள்

சனம் முழுக்க மேல ஏறுது. நான் ஒருத்தன் மட்டும் கீழ இறங்குறன்.

ஒடுங்கின சீமெந்துப் படி. ரெண்டு பக்கமும் தகரம் அடிச்ச வீடுகள். ஒண்டு மஞ்சள், ஒண்டு நீலம், ஒண்டு கத்தரிப்பூ நிறம். ஏறி வாற சனம் ஓடேல்லை, கத்தேல்லை. ஒரு மனுசி பாண் தட்டத்தைத் தலைக்கு மேல பிடிச்சுக்கொண்டு வாறா. ஒருத்தன் கிளிக்கூட்டோட வாறான். நாலைஞ்சு தெருநாய்கள் எல்லாருக்கும் முன்னால போகுதுகள், தாங்கள்தான் சனத்தைக் கூட்டிக்கொண்டு போற மாதிரி.

என்னைக் கண்ட ஆக்கள் எல்லாரும் மேல கையைக் காட்டி என்னவோ சொல்லுகினம். அந்தப் பாசை எனக்குத் தெரியாது. ஆனா சொல்லுற விசயம் நல்லா விளங்குது: 'விசரா, கடல் கீழ இருக்கு.'

கடல் கீழ இருக்கு எண்டு எனக்குந் தெரியும். நஸீரும் கீழதான் இருக்கிறான். அதுதான் பிரச்சினை.

சிலி நாட்டில, வல்பராயிசோ எண்ட துறைமுகப் பட்டினத்தில, நத்தாருக்கும் புதுவருசத்துக்கும் நடுவில ஒரு நாள் காலமை நடந்தது இது. நிலம் நடுங்கி அஞ்சு நிமிசம் ஆகேல்லை. சனத்தின்ர போனெல்லாம் ஒரே குரலில அலறிக்கொண்டு இருக்கு. என்ர கையில ஒரு பை, அதுக்குள்ள ஊரில இருக்கிற என்ர பாலையூற்று வளவின்ர காணி உறுதிப் பத்திரம். உறுதியைக் கொண்டு ஒருத்தன் ஏன் உலகத்தின்ர மற்றப் பக்கம் போனவன் எண்டு கேப்பியள். சொல்லுறன், கொஞ்சம் பொறுங்கோ.

பொறு, ஒரு ஆள் வருது

இந்தத் தொடரை விடாம வாசிக்கிறவைக்கு மூதூர் லோஞ்ச் ஞாபகம் இருக்கும். இண்டைக்குத்தான் புதுசா வாறவைக்குச் சொல்லுறன்: நான் திருகோணமலை இறங்குதுறையில மூதூருக்கு ஆக்களை ஏத்துற எஞ்சின் படகுக்கு, அதுதான் லோஞ்சுக்கு, டிக்கெட் குடுத்தவன். நஸீர் கிண்ணியா ஆள். அதே லோஞ்சில எஞ்சின் பாத்தவன். பத்து வருசத்துக்கு மேல ஒரே தேத்தண்ணிக் கடையில, ஒரே வாங்கில இருந்து தேத்தண்ணி குடிச்சிருக்கிறம்.

எனக்கொரு பழக்கம். ஆளை விட்டிட்டுப் போக என்னால ஏலாது. லோஞ்ச் வெளிக்கிடுற நேரம் தூரத்தில ஆராவது குடையைப் பிடிச்சுக்கொண்டு ஓடி வந்தா, "பொறு, பொறு, ஒரு ஆள் வருது!" எண்டு கத்துவன். அந்த ஆள் ஏறி முடிய இன்னொரு ஆள் தெரியும். எஞ்சின் அறைக்குள்ளால நஸீர் எண்ணெய்த் தலையை நீட்டுவான்.

"மச்சான், மூதூர்ச் சனம் முழுக்க ஏறினாப் பிறகுதான் விடுவியோ?"

ஒருக்கா ஒரு மனுசிக்காகக் கால் மணித்தியாலம் லோஞ்சைப் பிடிச்சு வைச்சிருந்தன். மூச்சு வாங்க வந்து நிண்டுட்டு, "தம்பி, நிலாவெளி பஸ் எங்க நிக்கும்?" எண்டு கேட்டுட்டுப் போச்சுது. அதை நஸீர் ஒரு வருசமா ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சவன்.

இப்பிடிப்பட்ட நான்தான் அவனை விட்டிட்டுப் போனன்.

அந்த ஞாயிறு

அது ஒரு மார்கழி ஞாயிறு, போயா நாள், பௌர்ணமி. எங்களுக்கு லீவு. மீன் வாங்குவம் எண்டு என்ர மோட்டச்சைக்கிளில ரெண்டு பேரும் நிலாவெளிக்குப் போனனாங்கள். கரைவலை இழுக்கிற இடத்துக்குக் கிட்ட, றோட்டுக்கரையில சைக்கிளை விட்டிட்டு நான் நிழலில நிண்டன். எனக்கு மணலில நடக்கச் சரிவராது, சப்பாத்துக்குள்ள மணல் போகும்.

முதல்ல கடல் கொஞ்சம் ஏறி வந்தது. சனம் சிரிச்சுக்கொண்டு காலை நனைச்சுது. பிறகு கடல் உள்ளுக்குப் போச்சு. போனது போனதுதான், வரேல்லை. வெறும் மணலில மீன் துள்ளுது. நஸீர் சாக்கை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் குனிஞ்சு அள்ளத் தொடங்கினான்.

நான்தான் நிமிர்ந்து நிண்டனான். நான்தான் கண்டனான். தூரத்தில கறுப்பா ஒரு கோடு, பனை உயரத்துக்கு.

கூப்பிட்டிருக்க வேணும். நாள் முழுக்க 'பொறு, பொறு' எண்டு கத்துற வாய், அண்டைக்குத் திறக்கேல்லை. சாவி என்ர கையில இருந்தது. ஸ்டார்ட் பண்ணினன். போனன். திரும்பிப் பாக்கேல்லை.

பின்னேரம் ஒரு பள்ளிக்கூடத்தில நஸீரைக் கண்டன். உடம்பெல்லாம் கீறல், கன்னத்தில சேறு காஞ்சு போய் இருந்தது. ஒரு புளியமரத்தில ஏறித் தப்பினதாச் சொன்னான். என்னைக் கட்டிப் பிடிச்சான். ரெண்டு பேரும் அழுதம். நிலாவெளியைப் பற்றி அவனும் கதைக்கேல்லை, நானும் கதைக்கேல்லை.

கிண்ணியாவில அவன்ர வீடு அத்திவாரம் மட்டும்தான் மிஞ்சினது. அடுத்த வருசமே கப்பலில எஞ்சின் வேலைக்குப் போட்டான். பிறகொரு கப்பல் பழுதாகி வல்பராயிசோவில மாதக் கணக்கில நிக்க, பாண் விக்கிற மார்த்தா எண்ட பொம்பிளையைக் கலியாணம் முடிச்சு அங்கேயே இருந்திட்டான்.

என்னாலதான் ஊரை விட்டுப் போனவன் எண்டு நான் நினைச்சன். அண்டையில இருந்து எனக்கு ஒரு வருத்தம். சும்மா றோட்டில நடந்து போவன், திடீரெண்டு முதுகு சுடும். பின்னால நிண்டு ஆரோ பாக்கிற மாதிரி. டொக்டர் ரெண்டு மூண்டு பேரிட்டக் காட்டினன். வாயுவாம்.

கேட்டால் கேக்கட்டும்

இருபது வருசமாப் போனில கதைச்சிருக்கிறம். மழை, மீன் விலை, கிரிக்கெட், அவன்ர சீனி வருத்தம், என்ர முழங்கால். அந்த ஒரு விசயம் தவிர எல்லாம் கதைச்சம். போன வருசம் ஒரு நாள் சொன்னான்:

"மச்சான், மார்கழி லீவுக்கு இஞ்ச வா. ரெண்டு பேருக்கும் வயசு போகுது. நேரில இருந்து கதைக்க வேணும்."

என்ன கதைக்க வேணும்? அதுவும் மார்கழியில? ஏலாது எண்டு சொல்ல ஆயிரம் சாட்டுத் தேடினன். என்ர மனிசி பவளம் விடேல்லை.

"கேட்டால் கேக்கட்டும். போய் அவற்ற காலில விழுந்தெண்டாலும் முடிச்சுக்கொண்டு வாங்கோ. நித்திரையில நீங்கள் புலம்புறதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு."

போனன். மூண்டு பிளேன் மாறி, குண்டியில உணர்ச்சி இல்லாமப் போய்ச் சேர்ந்தன்.

அந்த நாட்டு விமான நிலையத்தில சாப்பாட்டுச் சாமான் ஒண்டும் உள்ள விடாயினம். பவளம் கட்டித் தந்த கருவாட்டை ஒரு நாய் கண்டுபிடிச்சு எனக்குப் பக்கத்தில மரியாதையாக் குந்திச்சு. உத்தியோகத்தர் பெட்டியைத் திறந்தார், மணந்தார், கண்ணை மூடினார். நல்ல காலம், சுங்கப் படிவத்தில எல்லாக் கேள்விக்கும் பயத்தில 'ஓம்' எண்டு போட்டிருந்தன். கருவாட்டை எடுத்துக்கொண்டு என்னை விட்டிட்டினம்.

பாசைக்குப் பயந்தனான். நஸீரின்ர வீட்டுக்குள்ள போய்ப் பாத்தா அரைவாசி எங்கட வீட்டுச் சொல்லு! பாண் எண்டால் பாண். மேசை எண்டால் மேசை. சமைக்கிற குசினியும் போடுற சப்பாத்தும் கிட்டத்தட்ட அப்பிடியே. எந்தக் காலத்திலயோ கடலால வந்தவங்கள் எங்களுக்கும் இவைக்கும் ஒரே சாமானைத்தான் இறக்கிவிட்டிருக்கிறாங்கள். மார்த்தாவும் நானும் இந்த நாலு சொல்லையும் வைச்சு ரெண்டு கிழமை குடும்பம் நடத்தினம்.

கதவுக்குப் பின்னால தொங்கின பை

இப்ப அந்தப் பைக் கதை. தண்ணி வந்த நாளில இருந்து எங்கட பக்கம் கதவுக்குப் பின்னால ஒரு பை தொங்காத வீடு குறைவு. உறுதி, அடையாள அட்டை, பிறப்புப் பதிவு, ரெண்டு மருந்து மாத்திரை, மாத்திக் கட்ட ஒரு சாரம். ஓட வேண்டி வந்தா அதைத் தூக்கிக்கொண்டு ஓடுறது. எனக்கு அந்தப் பை இல்லாம வாசல் தாண்டினா உடுப்பில்லாமப் போற மாதிரி இருக்கும். அதாலதான் சிலிக்கும் தூக்கிக்கொண்டு போனனான்.

நஸீர் பாத்திட்டு விழுந்து விழுந்து சிரிச்சான். "டேய், பாலையூற்றுக் காணியை இஞ்ச ஆரடா பிடிக்கப் போறான்?" பிறகு தன்ர வீட்டுக் கதவைச் சாத்திக் காட்டினான். அங்கயும் ஒரு பை தொங்குது.

முதல் நாள் காலமையே என்னை வீட்டுக்கு மேல இருக்கிற ஒரு சின்னச் சதுக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். நாலு வாங்கு, ஒரு மரம், கீழ பாத்தா துறைமுகம் முழுக்கத் தெரியும். கப்பலும் பாரந்தூக்கியுமா எங்கட துறைமுகம் மாதிரியே கிடந்தது, மலையை மட்டும் கொஞ்சம் கூட்டி வைச்சிருக்கு.

"லிங்கம், வடிவாக் கேள். இது நிலம் நடுங்கிற ஊர். ஏதும் நடந்தா ஆரும் ஆருக்காகவும் நிக்கிறேல்லை. ஆரும் ஆரையும் தேடிப் போறேல்லை. அவரவர் ஓடி வந்து இந்த மரத்தடியில நிக்கிறது. இது என்ர வீட்டுச் சட்டம்."

நான் தலையை ஆட்டினன். முதுகு பத்தி எரிஞ்சுது. 'ஆரும் ஆருக்காகவும் நிக்கிறேல்லை.' வாழைப்பழத்தில ஊசி ஏத்துறான் எண்டு நினைச்சன். பேசினாலும் பரவாயில்லை, இப்பிடிச் சிரிச்ச முகத்தோட குத்துறானே எண்டு இருந்தது.

அதுக்குப் பிறகு நத்தார் வந்தது. மார்த்தாவின்ர ஆக்கள் ஒரு வீடு நிறைய வந்தினம். பழமும் வாசமும் போட்ட கேக், எங்கட நத்தார் கேக்குக்குத் தூரத்துச் சொந்தம். நஸீர் ஒவ்வொரு முறை என்னட்ட வந்து இருக்கேக்கயும், 'இந்தா கேக்கப் போறான்' எண்டு வாய் நிறையக் கேக்கை அடைஞ்சுகொள்ளுவன். அவன் கேட்டது "இன்னொரு துண்டு தரட்டோ?" எண்டு மட்டும்தான்.

நத்தாருக்கு நாலாம் நாள் எனக்கு வாய் செத்துப் போச்சு. "என்னடாப்பா, மீனை வெறும் உப்பில அவிச்சுத் தின்னுகினம். கிண்ணியாப் பால் ஆணம் மாதிரி ஒரு மீன் கறி வைக்க மாட்டியோ?" எண்டு கேட்டன். அடுத்த நாள் காலமை நஸீர் கூடையை எடுத்துக்கொண்டு கடற்கரை மீன் சந்தைக்கு இறங்கினான்.

அவன் போய் முக்கால் மணித்தியாலத்தில வீடு ஆடத் தொடங்கினது.

படி

முதல்ல அலுமாரிக்குள்ள கோப்பைகள் கதைச்சுது. பிறகு தகரச் சுவர் முழுக்கக் கதைச்சுது. நான் மேசையைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு முருகனைக் கூப்பிட்டன். மார்த்தா அடுப்பை நிப்பாட்டினா, செருப்பைப் போட்டா, அப்பிடியே பாத்துக்கொண்டு நிண்டா. ஆட்டம் நிண்டது. அவவின்ர போன் அலறிச்சு. கதவுக்குப் பின்னால இருந்த பையை எடுத்துத் தோளில போட்டுக்கொண்டு, என்ர கையைப் பிடிச்சு மேல காட்டினா.

எனக்கு மேல தெரியேல்லை. வெறும் மணலும், துள்ளுற மீனும், குனிஞ்சு நிக்கிற ஒரு முதுகும்தான் தெரிஞ்சுது. இந்த முறையும் மீனுக்குத்தான் போயிருக்கிறான். அதுவும் நான் கேட்ட மீனுக்கு.

கையை உதறிப்போட்டு என்ர பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினன்.

முழங்கால் நோ எங்க போனதெண்டு தெரியாது. சனத்துக்குள்ளால இடிச்சுக்கொண்டு இறங்குறன். "நஸீர்! நஸீர்!" எண்டு கத்துறன். இருபது வருசத்துக்கு முந்திக் கத்தியிருக்க வேண்டிய கத்தல் அது. படி முடியிற இடத்தில சீருடை போட்ட ஒரு பெட்டை கையை விரிச்சு மறிச்சா. அவவுக்கு என்ர மகளின்ர வயசு இருக்கும்.

"பிள்ளை, என்ர சினேகிதன் கீழ நிக்கிறான், விடுங்கோ!" எண்டு தமிழில கெஞ்சினன். அவ தன்ர பாசையில கெஞ்சினா. ரெண்டு பேரும் மாறி மாறிக் கெஞ்சிக்கொண்டு நிக்க, பின்னால, மேல இருந்து ஒரு குரல்.

"டேய் லிங்கம்! உனக்கு விசரே?"

திரும்பினன். பத்துப் படிக்கு மேல நஸீர். மூச்சு வாங்குறான். ஒரு காலில சப்பாத்து இல்லை.

"நீ கீழ எண்டு..."

"நான் எங்கயடா கீழ? நடுங்கத் தொடங்கினவுடன மற்றப் படியால ஏறி மரத்தடிக்குப் போட்டன். அங்க பாத்தா மார்த்தா தனிய நிக்கிறா. உன்னைத் தேடித் திரும்ப இறங்கி வாறன். என்ர சட்டத்தை என்னைக்கொண்டே முறிக்க வைச்சிட்டாய், அறுவானே! ஏறு!"

சேட்டுக் கொலரில பிடிச்சு என்னை முன்னுக்குத் தள்ளிக்கொண்டு ஏறினான். வழி முழுக்கப் பேச்சு. கிண்ணியாவில இருக்கிற கெட்ட வார்த்தை ஒண்டையும் அவன் மறக்கேல்லை.

மரத்தடி

சதுக்கத்தில சனம் நிறைஞ்சு போய் இருந்தது. பாண்காரி தட்டத்தை வாங்கில வைச்சு எல்லாருக்கும் பாண் குடுக்கிறா. கடல் கீழ ஒண்டும் நடக்காத மாதிரிக் கிடக்கு. மார்த்தா என்னைக் கண்டு நெஞ்சில கை வைச்சா, பிறகு என்ர தோளில ஓங்கி ஒரு அடி போட்டா.

இனி அடக்க ஏலாது எண்டு ஆகிப் போச்சு.

"அண்டைக்கு உன்னை விட்டிட்டுப் போனனான். இண்டைக்கும் விட்டிட்டுப் போக ஏலாது மச்சான்."

"என்னை எங்க விட்டிட்டுப் போனனி?"

"நிலாவெளியில. சாவி என்ர கையில இருந்தது. நான் கூப்பிடக்கூட இல்லை."

எனக்கு அந்த நேரம் வல்பராயிசோக் கடல் பொங்கி வந்தாலும் பரவாயில்லை எண்டு இருந்தது.

"யா அல்லாஹ்," எண்டான். "இதையோ இருபது வருசமாச் சுமந்துகொண்டு திரிஞ்சனி? அந்தப் பைக்குள்ள இதுவும் கிடந்ததோ?"

வாங்கில இருத்தினான். தானும் இருந்தான்.

"இஞ்ச பார். நான் குனிஞ்சு மீன் அள்ளிக்கொண்டு நிக்கிறன். சனம் கத்திச்சுதுதான். மீனுக்கு அடிபடுதுகள் எண்டு நினைச்சன். நீ கூப்பிட்டிருந்தாலும் என்ன செய்திருப்பன்? 'பொறு மச்சான், இன்னும் ஒண்டு' எண்டிருப்பன். உன்ர கூப்பாட்டுக்கு நான் எண்டைக்கடா திரும்பினனான்? லோஞ்சில நாள் முழுக்க உன்ர கூப்பாடுதானே! ஆனா சைக்கிள் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டுது. நிமிர்ந்து பாத்தன். நீ போறாய். பஸ் கேக்க வந்த மனுசிக்கே கால் மணித்தியாலம் நிண்டவன், என்னை விட்டிட்டுப் போறான். எண்டால் இது சின்ன விசயம் இல்லை. கடலைத் திரும்பிக்கூடப் பாக்கேல்லை. சாக்கைப் போட்டுட்டு உன்ர முதுகைப் பாத்து ஓடினன். அது தெரியிற வரைக்கும் ஓடினன். புளியமரம் வரைக்கும்."

நான் பையை மடியில இறக்கி வைச்சன்.

"நீ எனக்காக நிண்டிருந்தா உன்ர வீட்டில செத்தவீடு, என்ர வீட்டில ஜனாஸா. ரெண்டும் ஒரே நாளில. இந்தச் சட்டம் நான் ஆரிட்டப் படிச்சது எண்டு நினைச்சாய்? உன்னட்ட. மார்த்தாவுக்கு உன்னைப் பற்றித் தெரிஞ்ச கதையே அது ஒண்டுதான். 'அப்பிடி ஓடித் தப்பத் தெரிஞ்ச மனுசன் ஏன் கீழ ஓடுறார்' எண்டு அவள் இந்த மரத்தடியில வைச்சுக் கேக்கிறாள். என்னத்தைச் சொல்லுறது?"

"அப்ப நீ ஊரை விட்டுப் போனது...?"

"உன்னாலயோ? போடா! அந்த லோஞ்ச் எஞ்சினோட எத்தினை வருசம் மாரடிக்கிறது? பெரிய எஞ்சின் ஒண்டு பாக்க வேணும் எண்டு போனனான்."

அழுதன். வெக்கமில்லாம, அந்த ஊர்ச் சனம் எல்லாம் பாக்க, ஏங்கி ஏங்கி அழுதன். பயத்தில அழுறன் எண்டு நினைச்சுப் பாண்காரி எனக்கு ரெண்டு பாண் தந்தா. அழுதுகொண்டே ரெண்டையும் திண்டன். அவ்வளவு பசி.

"நேரில இருந்து கதைக்க வேணும் எண்டியே, என்ன கதை?" எண்டு கேட்டன்.

"சும்மாதான். இஞ்ச தமிழ் கதைக்க ஒரு நாய் இல்லை மச்சான்."

ஒரு மணித்தியாலத்தில பயமில்லை எண்டு அறிவிச்சினம். கடல் முழங்கால் அளவும் ஏறேல்லையாம். படியால இறங்கி வரேக்கதான் எனக்குக் கூடை ஞாபகம் வந்தது.

"மீன் எங்க?"

"போட்டுட்டு ஓடி வந்தனான். இந்த முறை ஒண்டுகூட அள்ளேல்லை."

வெளிக்கிடுற நேரம்

மிச்ச நாளெல்லாம் நல்லாச் சாப்பிட்டன், நல்லா நித்திரை கொண்டன். புதுவருசத்துக்கு அந்த ஊரில வெடிக்கிற வாணம் உலகப் பிரசித்தமாம். நான் நித்திரை. பால் ஆணமும் வைச்சான். தேங்காய்ப்பால் தகரப் பேணியில வந்தது, பரவாயில்லை.

போற அண்டு பஸ் நிலையத்துக்கு வந்தான். பஸ்ஸில என்னை இருத்திப்போட்டு, "வழிக்குப் பாண் வாங்கிக்கொண்டு வாறன்" எண்டு இறங்கிக் கடைக்குப் போட்டான். போனவன் போனவன்தான். கடையில நல்ல சனம். சாரதி வந்து ஏறினார். கதவு மூடிச்சு.

பழைய ஆள் எண்டால் எழும்பி நிண்டு, "பொறு, பொறு, ஒரு ஆள் வருது!" எண்டு அந்த நாட்டையே நிப்பாட்டியிருப்பன். வாய் வரைக்கும் வந்தது.

எஞ்சின் ஸ்டார்ட் ஆச்சு. கடையில குனிஞ்சு பாண் தெரிஞ்செடுத்துக்கொண்டு நிண்ட நஸீர், அந்தச் சத்தத்துக்குத் தலையை நிமிர்த்தினான். கண்ணாடிக்கால என்னைக் கண்டான். பாண் பையை மேல தூக்கிப் பிடிச்சுக்கொண்டு, மற்றக் கையால 'போ, போ' எண்டு காட்டினான். சிரிச்சுக்கொண்டு நிண்டான்.

பஸ் திரும்பிச்சு. நான் மடியில பையை வைச்சுக்கொண்டு நேர பாத்தபடி இருந்தன். அவன் பின்னால நிண்டு பாத்துக்கொண்டுதான் இருந்திருப்பான். முதுகு சுடேல்லை.